செம்பனைச் சாம்பல் கான்கிரீட்

எண்ணெய் ஆலைக் கொதிகலன்களில் செம்பனையின் நார், கொட்டை ஓடு, வெறுங்குலை ஆகியவற்றை எரித்தபின் எஞ்சும் சாம்பலை, சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்த்துச் செய்யப்படும் கட்டுமானக் கலவை செம்பனைச் சாம்பல் கான்கிரீட் ஆகும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் நேர்வதால், மலேசியாவில் கழிவாகக் கொட்டப்பட்டுவந்த இச்சாம்பல் மதிப்புமிக்க மூலப்பொருளாகிறது.

சாம்பலைச் சலித்து நுண்ணியதாக அரைத்துக் கலக்கும்போது, அதிலுள்ள சிலிக்கா, சிமெண்ட் நீருடன் சேர்கையில் வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து கூடுதல் பிணைப்பை உண்டாக்குகிறது. இதற்குப் பொசலான் வினை என்று பெயர். அரைக்காத சாம்பலோ நீரை மிகுதியாக உறிஞ்சி வலிமையைக் குறைத்துவிடும். பினாங்கு மாநிலத்தில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், எரியாத கரியை வெப்பத்தால் நீக்கிய நுண்சாம்பலைக் கொண்டு உயர்வலிமைக் கான்கிரீட்டை உருவாக்கிக் காட்டியுள்ளனர்.

இவ்வினை தமிழ் மரபுக்குப் புதிதன்று. உடைந்த செங்கல்லை இடித்த சுர்க்கித் தூளைச் சுண்ணாம்புடன் சேர்த்த பழைய கொத்தர்கள் பயன்படுத்தியதும் இதுவே. ஆயினும், 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி பெற்ற, பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாப் பகுதியில், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்த கடைவீடுகளைப் பழுதுபார்க்க எந்தச் சிமெண்ட் கலவையும் பொருந்தாது. அது சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை அரிக்கச் செய்யும் என்பதால், அங்குச் சுண்ணாம்பே உகந்தது.