தேன் கெட்டுப்போகாது, சரி... ஆனா கைக்குழந்தைக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

சமையலறை அலமாரியில் வருஷக்கணக்கில் இருந்தாலும் பூஞ்சை பிடிக்காத பொருட்கள் சில உண்டு. உப்பு, சர்க்கரை வரிசையில் தேனும் ஒன்று. ஃபிரிட்ஜ் தேவையில்லை, மூடி இறுக்கமாக இருந்தால் போதும். பாலும் பழமும் இரண்டு நாளில் கெட்டுப்போக, தேன் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

முதல் காரணம், அதில் தண்ணீர் ரொம்பக் குறைவு. பூவில் இருந்து தேனீ உறிஞ்சும் மதுவில் பெரும்பங்கு தண்ணீர்தான். கூட்டுக்குள் வந்ததும் தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, சிறகால் விசிறி விசிறி வற்ற வைக்கின்றன. கடைசியில் மிஞ்சும் ஈரம் 18 சதவீதம் அளவுக்கு வந்ததும்தான் அறையை மெழுகால் மூடுகின்றன. அவ்வளவு அடர்த்தியான சர்க்கரையில் கிருமி விழுந்தால், கிருமியின் உடம்பில் இருக்கும் தண்ணீரையே தேன் உறிஞ்சிவிடும். மாங்காய்த் துண்டில் உப்பு போட்டால் தண்ணீர் விடுமே, அதே கதைதான்.

போதாததற்கு தேனுக்கு அமிலத்தன்மை உண்டு. தேனீ சேர்க்கும் ஒரு நொதியால் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. புண்ணைக் கழுவும்போது ஆஸ்பத்திரியில் நுரைக்க நுரைக்க ஊற்றுவார்களே, அதே பொருள்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுளில் சேர்ப்பது எவ்வளவு தெரியுமா? ஒரு டீஸ்பூனில் சுமார் 12-ல் ஒரு பங்கு!

அப்புறம் குழந்தைக்கு என்ன பிரச்சினை?

பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பதை நம்ம ஊரில் ‘சேனை வைக்கிறது’ என்பார்கள். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பி, வீட்டிலேயே நல்ல பெயர் எடுத்தவரைத் தேடிப் பிடிப்பதும் உண்டு. உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் இதில்தான் ஆபத்து.

தேனில் கிருமி வளர முடியாது என்பது உண்மை. ஆனால் தூங்கிக்கொண்டு உயிரோடு இருக்க முடியும். மண்ணிலும் தூசியிலும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, ஸ்போர் எனப்படும் கெட்டி ஓடு போட்ட வித்தாகத் தேனில் கலந்திருக்கலாம். பெரியவர்கள் சாப்பிட்டால் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முளைக்க விடாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் முழுசாக அமைந்திருக்காது. அங்கே வித்து முளைத்து நச்சை உண்டாக்கினால், நரம்பு வழியாகத் தசைகள் தளர்ந்துபோகும்.

முதலில் தெரிவது பெரும்பாலும் மலச்சிக்கல். பிறகு பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகைச் சத்தம் மெலியும், இமை சரியும், கழுத்து நிற்காது. சில குழந்தைகளுக்கு மூச்சு விடவே வென்டிலேட்டர் தேவைப்படும். அரிதான நோய்தான், உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் இந்த அறிகுறிகள் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேன் கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

‘நாங்க வாங்கறது சுத்தமான மலைத்தேன்’, ‘காய்ச்சித்தான் கொடுத்தோம்’ என்பதெல்லாம் இங்கே உதவாது. தேன் சுத்தமாக இருந்தாலும் வித்து இருக்கலாம், வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அது சாகாது. ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூட வேண்டாம் என்பதுதான் உலக அளவில் மருத்துவர்கள் சொல்வது. முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பாலே போதும் என்பதால், சேனைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை.

தண்ணியில விட்டுப் பார்த்தா ஒரிஜினல் தெரியுமா?

தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தேன் மாதிரியே டம்ளர் அடியில் போய் உட்காரும். தீக்குச்சி சோதனையில் தெரிவது, அதிகபட்சம் ஈரம் எவ்வளவு என்பதுதான். நல்ல தேனை எறும்பு மொய்க்காது என்பதும் கட்டுக்கதை. மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், வரிசை கட்டி வரும்.

2020 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியச் சந்தையில் விற்கும் 13 பிராண்டு தேன்களைப் பரிசோதித்த முடிவுகளை வெளியிட்டது. என்.எம்.ஆர் என்ற நவீன சோதனையில் தேறியவை 3 பிராண்டுகள் மட்டுமே. வழக்கமான ஆய்வகச் சோதனைகளுக்கே டிமிக்கி கொடுக்கும் பாகு கலக்கப்படுவதாக அந்த மையம் சொன்னது. ஆய்வகத்துக்கே இந்த நிலை என்றால், டம்ளர் தண்ணீர் என்ன செய்யும்?

உறைஞ்சு போனா கலப்படமா?

இதுவும் தப்பு. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் தானாகவே மணல் மணலாக உறையும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் கிடைக்கும் ரப்பர் தேன் சீக்கிரமே உறையும் ரகம். அந்தத் தேன் பூவில் இருந்தே வருவதில்லை என்பது இன்னொரு ஆச்சரியம்! ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் கசியும் மதுவைத்தான் தேனீக்கள் எடுத்துவருகின்றன.

உறைந்த தேனைத் தூக்கிப் போட வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். ஈர ஸ்பூனை மட்டும் உள்ளே விடாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் ஈஸ்ட் கிளம்பி, கெடவே கெடாத தேனும் புளித்து நுரைத்துவிடும்.