பாரத்தை யார் சுமப்பது?
(கொடைக்கானல் பாதையும் ஒரு சைக்கிள் பயணத் திட்டமும்)



"லீவுக்கு சைக்கிள்லயே கொடைக்கானல் போயிரலாமாடா?" என்ற பேச்சு நம் கல்லூரியில் ஒவ்வொரு செட்டிலும் எழும். "கியர் வண்டி இல்லாம எப்படிடா?" என்ற கேள்வியோடு அது அடங்கியும் விடும். பொறியாளன் என்ற முறையில் அந்தத் திட்டத்தை வரலாற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். மலைப் பயணத்தில் எந்தக் காலத்திலும் கேள்வி ஒன்றுதான்: பாரத்தை யார் சுமப்பது?

பழனி மலையை 1821-இல் லெப்டினன்ட் வார்ட் நில அளவை செய்தார். 1842-இல் அமெரிக்க மிஷன் நம் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் தொடங்கி, 1845-இல் பசுமலைக்கு மாற்றியது. அதே 1845-இல்தான், சமவெளியில் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்து வந்த அந்த மிஷனார், கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். துரைமார் மேலே போனது குதிரையில், இல்லையென்றால் நாற்காலியில். நாற்காலியைத் தூக்கியது நம்மூர் சுமையாட்களின் தோள்! பெட்டி படுக்கையும் அவர்கள் தலைமேல்தான். அந்தப் பாதைக்குப் பெயரே 'கூலி காட்'. ஏறியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. தூக்கியவர்களின் பெயர்களைக் காணோம்.

1875-இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்து, பழையபடி தோளில் ஏறினார்கள். அதே காலத்தில் மேஜர் லா என்பவர் வண்டி போகும் பாதை ஒன்றைத் திட்டமிட்டார். பணத்தட்டுப்பாட்டால் இழுத்துக்கொண்டே போய், 1916-இல்தான் அது போக்குவரத்துக்குத் திறந்தது. வத்தலக்குண்டிலிருந்து இன்று நாம் பஸ்சில் போவது அந்த லாஸ் காட் ரோடுதான்.

இனி கணக்குக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம். கூலிப் பாதை அதை 20 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் ஏறியது. பத்தடிக்கு ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காட் ரோடு அதே உயரத்தை சுமார் 50 கி.மீ.யில், வளைந்து வளைந்து ஏறுகிறது. சராசரியாக 28 அடிக்கு ஓரடிதான். சுற்று வழி என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தச் சுற்றுதான் சைக்கிளுக்கு வரம்.

ஆளும் வண்டியும் 85 கிலோ என்றால், மேலே தூக்க வேண்டிய வேலை சுமார் 15 லட்சம் ஜூல். மின்சாரக் கணக்கில் அரை யூனிட் கூட இல்லை! மணிக்கு 7 கி.மீ. வேகம் போதும், ஏழு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிரான்ஸில் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910-இல் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை முதன்முதலாகத் தாண்டியது. கொடைக்கானலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். சங்கிலி மாற்றும் கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததோ 1937-இல்தான்.

என் யோசனை இது. முதல் நாள் செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக வத்தலக்குண்டு. மறுநாள் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் டம்டம் பாறையைப் பிடித்துவிடுங்கள். ஊத்து, பெருமாள்மலை தாண்டினால் குளிர்ந்த காற்று வந்துவிடும். இரண்டு பாட்டில் தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு கட்டாயம்.

ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஏறும்போது சேர்த்த அந்த 15 லட்சம் ஜூலில் பெரும்பங்கு இறங்கும்போது பிரேக் கட்டையில் சூடாக மாறும். ஆகவே கிளம்பும் முன் நான்கு கட்டைகளையும் புதிதாகப் போடுங்கள். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். அங்கங்கே நின்று ரிம் ஆறட்டும்.

மோட்டார் வந்த பிறகு மலையேறுவது டிக்கெட் சமாச்சாரம் ஆகிவிட்டது. அதற்கு முன் அது இன்னொருவரின் தோள்வலி. தன் பாரத்தைத் தானே சுமந்து மேலே போக சைக்கிள் ஒரு வாய்ப்புத் தருகிறது. காலில் தெம்பு இருக்கும்போதே போய்வாருங்கள், தம்பிகளே, தங்கைகளே! பயணம் இனிதாக அமைய வாழ்த்துகள்.