குப்பைக்குழியும் குப்பைத்தொட்டியும்

நம்ம ஊரில் 'குப்பை அடிக்கிறது' என்றால் வயலுக்கு எரு போடுவது. சாணம், தழை, சாம்பல் எல்லாம் குழியில் மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போய்விடும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் துரை, இப்படி மக்கவைக்கும் வித்தையை முறைப்படுத்தி உலகத்துக்கே சொன்னார்.

பட்டணத்தில் குழி ஏது? காய்கறித் தோல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து தெருவில் வழிந்தன. 1989ல் சென்னையில் வங்கி அதிகாரி எம்.பி. நிர்மல் 'எக்ஸ்னோரா' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். தெருவுக்கு ஒரு மன்றம். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. அந்தப் பணத்தில், குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கே வேலை கொடுத்தார்கள். மூன்று சக்கர வண்டியோடு வீடு வீடாக வந்த அவர்களுக்குத் 'தெருவை அழகாக்குபவர்' என்ற மரியாதையும் கிடைத்தது. பிற்பாடு பல இடங்களில் மக்கும் குப்பையைத் தனியே வாங்கி உரமும் செய்தார்கள். 2016ல் வந்த மத்திய அரசு விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதைக் கட்டாயமாக்கின.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. கலந்த குப்பையில் செய்த உரத்தோடு கண்ணாடிச் சில்லு வரும். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் வரும். சில்லைப் பொறுக்கிவிடலாம், மண்ணில் கலந்த ஈயத்தை எப்படிப் பொறுக்குவது? ஆகவே நகர உரம் வாங்கும்போது, 'பிரித்த குப்பையில் செய்ததா?' என்று கேளுங்கள். மண்பரிசோதனை நிலையத்தில் காட்டிவிட்டு வயலில் இறக்குங்கள். நாம் கேட்டு வாங்கினால்தான் பட்டணத்தார் பிரித்துப் போடுவார்கள்.