செக்ரோலில் எழுதிய நாள்கள் எங்கே போயின?

ஈப்போவில் குத்தகை நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இன்று கணினியில் ஒரு காரியம் செய்கிறார்கள். ஒரே ஆள் மூன்று திட்டங்களில் வேலை செய்கிறான். ஒவ்வொன்றிலும் அவன் எத்தனை மணி நேரம் உழைத்தான், அதற்கு எவ்வளவு செலவு என்று மென்பொருள் கூட்டிச் சொல்லி விடுகிறது. எல்லாத் திட்டங்களையும் ஒரே அறிக்கையில் பார்த்து, எது லாபம், எது நட்டம் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது.

இது கணினி கொண்டு வந்த புதுமை என்று பலர் நினைக்கலாம். ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இந்தக் கணக்கு மிகக் கச்சிதமாக நடந்தது. அப்போது மென்பொருளின் வேலையைச் செய்தவர் தோட்டத்துக் கிராணி.

பெரட்டில் தொடங்கிய கணக்கு

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றைப் பேராவின் கோலகங்சாரில் நட்டார் ஹியூ லோ. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, பாகான் செராய் என்று பேரா எங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் ஆள்கள் பிரிக்கப்படுவார்கள். சிலர் பால்வெட்டுக்கு, சிலர் புல்வெட்டுக்கு, சிலர் புதுக்கன்று நடும் காட்டுக்கு, சிலர் ஸ்டோருக்கு. அன்று யார் வந்தார், எந்தக் காட்டில், எந்த வேலையில், முழு நாளா, அரை நாளா என்பதெல்லாம் செக்ரோலில் ஏறும்.

எந்த வேலை என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பால்வெட்டும் மரத்தின் செலவு அந்த ஆண்டின் நடப்புச் செலவு. கன்று நடும் காட்டின் செலவோ முதலீடு. ஒரே பெண் காலையில் பால் வெட்டி, மாலையில் கன்றுக்குக் களை எடுத்தால் அவருடைய ஒரு நாள் உழைப்பு இரண்டு கணக்குகளில் பிரியும். இன்றைய மென்பொருள் செய்வதும் இதுவேதான்.

மாத முடிவில் எல்லாச் செலவையும் கூட்டி, கிடைத்த ரப்பரின் எடையால் வகுப்பார்கள். ஒரு ராத்தல் ரப்பருக்கு இத்தனை காசு அடக்கம் என்று வரும். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு போன்ற ஏஜென்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் பல தோட்டங்களை நிர்வகித்தன. எல்லாத் தோட்டங்களின் அறிக்கைகளும் அவர்களுடைய மேசைக்குப் போகும். தோட்டத்தை ஒருநாளும் பார்க்காத ஒருவர் கூட, இந்தத் தோட்டத்தில் செலவு அதிகம் என்று லண்டனில் இருந்தபடியே சொல்ல முடிந்தது.

அரசாங்கமும் எண்ணியது

1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்தது. பிறகு இதுவே இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கைப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொரு தோட்டத்து நாள் கணக்கும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து புதிய ஆள்களைக் கப்பலேற்றும் செலவை ஈடு செய்தது இந்தப் பணம்தான்.

ஆக, நம்மவர்கள் உழைத்த ஒவ்வொரு நாளும் அடுத்து வரப்போகும் நம்மவர்களின் கப்பல் டிக்கெட்டாக மாறியது.

பொருளாதார மந்தம் வந்தது. அறிக்கையில் அடக்கம் கூடி, ரப்பர் விலை சரிந்தபோது முதலில் வெட்டப்பட்டது கூலி. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள் கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. வேலை இழந்த பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயணச் செலவும் இதே நிதியிலிருந்து வந்தது. பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சீனிவாச சாஸ்திரியார் 1937இல் தம் அறிக்கையில் சொல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1958இல் அந்த நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. 1999இல் அது கலைக்கப்பட்டு, சொத்துகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன.

நம் கைக்கு வராத அறிக்கை

இப்போது ஒரு கேள்வி. நம்மவர்களின் நாள் கணக்கு ஏஜென்சிக்குப் போனது, லண்டனுக்குப் போனது, குடியேற்ற நிதிக்கும் போனது. உழைத்தவரின் கைக்கு என்ன வந்தது? மாதக் கூலி வந்தது. நாள் கணக்கு தோட்ட ஆபீசிலேயே தங்கி விட்டது.

இதன் விலை பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்து, பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. முதலாளி மாறும்போதெல்லாம், இவர் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற கேள்வி எழுந்தது.

1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். 24 ஆண்டு உழைத்தவருக்கு 480 நாள் சம்பளம். முதலாளி மாறியும் அதே வேலை தொடர்ந்திருந்தால் பழைய ஆண்டுகளும் சேரும். ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பழைய ஏடுகள் போய் விட்டால்? ஆறு ஆண்டுக்கு மட்டும் சான்று இருந்தால் கணக்கு 120 நாளில் நின்று விடும். மீதி 360 நாளுக்குத் தொழிலாளிதான் அலைய வேண்டும்.

லண்டன் வரைக்கும் பிசகாமல் போன கணக்கு, உழைத்தவர் வீட்டு அலமாரி வரைக்கும் வரவில்லை. நம் வரலாற்றின் பெரிய இழப்புகளில் இதுவும் ஒன்று என்பேன்.

இனி செய்ய வேண்டியது

தோட்டம் போய் விட்டது, இனி இது எதற்கு என்று கேட்கலாம். தோட்டம்தான் போனது, கணக்கு போகவில்லை. தொழிற்சாலையில் கைரேகை வைத்து நுழைகிறோம். லாரி ஓட்டும் தம்பியின் நேரம் கைப்பேசியில் பதிவாகிறது. பல திட்டங்களில் உழைப்பவரின் மணிக்கணக்கு மேலே போய், அவருக்கு ஆகும் செலவாகத் தெரிகிறது. எதிலும் சேராமல் விடுபட்ட மிகைநேர வேலையை அவர்தான் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும்.

ஆகவே சம்பளச் சீட்டை வீசி விடாதீர்கள். ஊழியர் சேமநிதி வாரியக் கணக்கறிக்கையை ஆண்டுதோறும் எடுத்துப் பாருங்கள். எந்த முதலாளி எந்த மாதம் பணம் கட்டினார் என்று அது சொல்லும். வேலை செய்த நாளையும் நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் தோட்டத்து முதியவர் இருந்தால் அவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு முதல், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று நம் கணக்கைக் கிராணி எழுதினார். அதைப் படிக்க நம்மில் பலருக்கு எழுத்து தெரியாது. இன்று நமக்குத் தெரியும். இனியும் நம் கணக்கை அடுத்தவர் கையில் மட்டும் விட்டு வைக்கலாமா?