எந்தக் கணினிக்கு இந்த விசை?

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்கடியில் உருவாவது அபூர்வம். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர்டேபிள் என்று பல கை மாறித்தான் அது அட்டைப்பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் ஜாப்ஒர்க் பில்லாகக் கணக்கில் ஏற வேண்டும். அந்தப் பில்களை விசைப்பலகையிலேயே பதிந்து பழகிய கணக்கர், வீட்டிலிருந்தோ ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தோ கம்பெனிக் கணினியை இயக்கும்போது சில விசைகள் அங்கே போய்ச் சேர்வதில்லை. இதை மென்பொருளின் கோளாறு என்று சொல்வது வழக்கம். குறுக்குவிசைகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது: எந்த விசை யாருக்குக் கட்டுப்பட்டது என்பது யோசித்து எடுக்கப்பட்ட முடிவு.

விசைப்பலகையிலேயே பதியும் பழக்கத்தின் வேர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. நெசவாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த முயற்சி, மவுஸ் தேவைப்படாத டாஸ் காலத்தில் பிறந்தது. எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்8 என்றால் சேல்ஸ், எஃப்9 என்றால் பர்ச்சேஸ், கண்ட்ரோல்-ஏ என்றால் பதிவு முடிந்தது. கண் பில்லில் இருக்க, விரல் தானாக வேலை செய்யும். விண்டோஸ் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

மறுபக்கத்தில் இன்னொரு மரபு வளர்ந்தது. ஐபிஎம்மின் டேவிட் பிராட்லி, 1981-இல் வெளிவந்த பிசிக்காக, கணினியை மறுபடி தொடங்கும் கட்டளையாகக் கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை அமைத்தார். தவறுதலாக அழுந்திவிடக் கூடாது என்பதற்காகவே விசைகள் தள்ளித்தள்ளித் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1993-இல் வந்த விண்டோஸ் என்டி அதையே உள்நுழைவுக்கான கதவாக்கியது. கடவுச்சொல்லைத் திருட முனையும் போலித்திரை எதுவும் அந்தச் சேர்க்கையை இடைமறிக்க முடியாது. தொலை டெஸ்க்டாப்புக்கும் இதே விதி பொருந்துகிறது. நம் கண்முன் இருக்கும் கணினியே அந்தச் சேர்க்கையை எடுத்துக்கொள்வதால், தொலைக் கணினிக்குக் கண்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் என்ற மாற்றுவழி வகுக்கப்பட்டது. ஆல்ட்-டேப் போன்றவை இந்தக் கணினிக்கா, தொலைக் கணினிக்கா, முழுத்திரையில் மட்டும் தொலைக் கணினிக்கா என்று அமைப்புகளில் மூன்று தேர்வுகளும் உண்டு.

எல்லா விசைகளையும் அப்படியே அனுப்பிவிட்டால் தொல்லை தீராதா? தீராது. இணைப்பு உறைந்துபோனால், தன் கணினிக்குத் திரும்பும் வழியும் அடைபட்டுவிடும். மவுஸ் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்றும் கேட்கலாம். இணையம் தாமதிக்கும்போது, சுட்டியைக் குறிவைக்கக் கண் திரையையே நம்பியாக வேண்டும். பழகிய விரலுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. உலாவி வழியே இயக்கினால் சரியாகிவிடும் என்ற வாதமும் முழுமையானதன்று. உலாவிக்கு எஃப்5 என்றால் பக்கத்தைப் புதுப்பித்தல், எஃப்11 என்றால் முழுத்திரை. அந்த விசை டேலியைச் சேருமா என்பது அங்கும் அமைப்பைப் பொறுத்ததே. ஆகவே தொலை இணைப்பு கேட்கும் கம்பெனி, வேகத்தை விசாரிக்கும் முன்பே விசைப் பங்கீட்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வேலையைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தே வளர்ந்த ஊருக்கு, யார் கையில் எந்தப் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடிப்பது புதிய பாடமல்ல.