ஈன்ற பசுவின் ஆற்றல் பற்றாக்குறையும் பால் சீட்டும்

கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுபவர் கைக்கு வரும் சீட்டில் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பற்ற திடப்பொருள் ஆகிய எண்கள் இருக்கும். விலை அவற்றிலிருந்தே பிறக்கிறது. கொழுப்பு ஏறினால் காசு ஏறும் என்பதால், கொழுப்பு மிகுந்த பால் நல்ல தீனியின் அடையாளம் என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. கன்று ஈன்ற முதல் ஆறு, எட்டு வாரங்களுக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது. அப்போது உயரும் கொழுப்பில் கணிசமான பங்கு பசு தன் உடலைக் கரைத்துத் தருவது. கொழுப்பையும் எஸ்.என்.எஃபையும் சேர்த்து, ஈன்ற நாளோடு பொருத்திப் படித்தால் அதே சீட்டு பசுவின் உடல்நிலையைச் சொல்லும் என்பதே என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு நாளுக்கு 15 கிலோ பால் தருவதாகக் கொள்வோம். உடலைப் பேணவே அதற்குச் சுமார் 7 மெகா கலோரி நிகர ஆற்றல் வேண்டும். 4 விழுக்காடு கொழுப்புள்ள பால் கிலோவுக்கு ஏறத்தாழ 0.74 மெகா கலோரி வீதம் இன்னும் 11 வேண்டும். ஈன்ற புதிதில் அது 9 கிலோ உலர்பொருள்தான் தின்கிறது, கிலோவுக்கு 1.4 மெகா கலோரி கிடைக்கிறது என்றால் வரவு 12.6. ஐந்துக்கு மேற்பட்ட மெகா கலோரி துண்டு விழுகிறது. அதை ஈடுகட்ட நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உடல் எடை கரைய வேண்டும். பால் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் உச்சம் தொடுகிறது. தீனி உட்கொள்ளல் உச்சம் தொடப் பத்து வாரங்களுக்கு மேல் ஆகிறது. பற்றாக்குறை ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் அடி ஆழத்தை எட்டுவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

துண்டு விழும் ஆற்றல் பாலில் பதியும் விதம் கவனத்துக்குரியது. ஒரு கிலோ பாலுக்குச் சுமார் 72 கிராம் குளுக்கோஸ் தேவை. அதில் பெரும்பகுதி லாக்டோஸாகிறது. அசைபோடும் விலங்குக்குக் குடலிலிருந்து நேரே கிடைக்கும் குளுக்கோஸ் மிகக் குறைவு. பெருவயிற்று நொதித்தலில் பிறக்கும் புரோப்பியோனேட்டிலிருந்தும் அமினோ அமிலங்களிலிருந்தும் கல்லீரல் அதை உருவாக்கியாக வேண்டும். இன்சுலின் தாழ்ந்திருப்பதால் உடற்கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. மடி அவற்றை வாங்கிப் பாலில் சேர்ப்பதால் ஒலியிக் அமிலம் போன்ற நீள்சங்கிலி அமிலங்களின் பங்கு கூடுகிறது. மடி தானே செய்யும் குறுஞ்சங்கிலி அமிலங்களின் பங்கு குறைகிறது. மறுபுறம், பெருவயிற்றில் நொதிக்கத்தக்க மாவுச்சத்துப் போதாமல் நுண்ணுயிர்ப் புரதம் குறைகிறது. வந்துசேரும் அமினோ அமிலங்களிலும் ஒரு பகுதி குளுக்கோஸாகச் செலவாகிறது. ஆக, கொழுப்பு ஏறுகிறது, புரதம் இறங்குகிறது. ஹோல்ஸ்டீன் மந்தைகளில் கொழுப்பு-புரத விகிதம் 1.4, 1.5ஐத் தாண்டினால் கீட்டோசிஸ் என்னும் ஆற்றல் பற்றாக்குறை நோய் குறித்த ஐயப்பாடு எழுவது இதனால்தான். நம் சங்கங்களில் புரதம் தனியே அளக்கப்படுவதில்லை. ஆனால் லாக்டோஸ் பாலின் சவ்வூடுபரவல் அழுத்தத்தைச் சமன்செய்யும் பொருளாதலால் எளிதில் மாறாது, தாதுப்பும் அப்படியே. எனவே நலமான மடியில் எஸ்.என்.எஃப் இறங்குவது பெரும்பாலும் புரதம் இறங்குவதே.

இங்கே ஓர் அநீதியும் நடக்கிறது. அது என்னை மிகவும் உறுத்துகிறது. எஸ்.என்.எஃப் 8.3க்குக் கீழே போனால் தண்ணீர் கலந்த பால் என்ற சந்தேகம் உடனே விழுகிறது. கொழுப்பு இலேசானது என்பதால், அது கூடும்போது லாக்டோமீட்டர் அளவும் தாழும். கொழுப்புக்கு உரிய திருத்தத்தைச் செய்யாமல் அந்த அளவை மட்டும் நம்பினால் தவறு இரட்டிப்பாகும். தண்ணீர் ஊற்றினால் கொழுப்பும் எஸ்.என்.எஃபும் ஒரே விகிதத்தில் குறையும்: 4.6, 8.6 என்றிருந்த பாலில் பத்தில் ஒரு பங்கு நீர் சேர்ந்தால் 4.1, 7.7 ஆகும். பசியிலிருக்கும் பசுவின் பாலிலோ கொழுப்பு 4.6க்கு ஏறியிருக்க, எஸ்.என்.எஃப் மட்டும் 8.2க்கு இறங்கும். இரண்டும் வெவ்வேறு சாயல்கள். ஐயம் தீராவிட்டால் உறைநிலைச் சோதனை இருக்கிறது.

மறுப்புகள் உண்டு. ஈன்ற பாலூட்டிகள் அனைத்தும் உடலிருப்பைச் செலவிடுவது இயற்கைதானே என்பது முதலாவது. உண்மை, பாலூட்டலுக்காக உடல் முழுதும் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொள்வதை 1980இல் பாமன், கரி என்ற ஆய்வாளர்கள் ஹோமியோரெசிஸ் என்ற பெயரில் விளக்கினர். ஆனால் கன்று ஒன்றின் பசிக்கு அமைந்த ஏற்பாடு, பாலுக்கெனத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தில் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது. பற்றாக்குறையின் ஆழமும் நீளமும் கூடக்கூட முதல் சினைமுட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது, மறுசினை தாமதமாகிறது. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: கொழுப்பு பல காரணங்களால் மாறும். மாலைப் பாலில் அது கூடுதல். மடியின் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டால் குறையும். ஜெர்சி கலப்பில் இயல்பிலேயே அதிகம். ஹோல்ஸ்டீன் மந்தையின் எல்லைக்கோட்டை இங்கே அப்படியே இறக்குவது பிழை என்பதை ஏற்கிறேன். ஆகவே ஓர் எண்ணை அல்ல, அதே பசுவின் அதே வேளைப் பால் நாள்தோறும் போகும் திசையைத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சிறு விவசாயியின் நிலை சாதகமானது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர் ஊற்றும் பால் ஏறக்குறைய ஒரு பசுவின் பாலே. பெரும்பண்ணையின் கலவைத் தொட்டியில் இந்தத் தெளிவு கிடைக்காது. சீட்டில் இல்லாதது ஈன்ற தேதி ஒன்றுதான்.

கொழுப்புக்கும் எஸ்.என்.எஃபுக்கும் உள்ள விகிதம் ஏறுவதைக் கண்டு அடர்தீவனத்தை ஒரே நாளில் அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. பெருவயிறு புளித்து அமிலம் மிகும். அப்போது பால் கொழுப்பு சரியும், விகிதமும் இறங்கும், பசு தேறிவிட்டதுபோல் சீட்டு காட்டும். உண்மையில் தேறும் பசுவின் பாலில் கொழுப்பு மெல்லத் தணியும்போதே எஸ்.என்.எஃப் ஏறும். கொழுப்பு சட்டென விழுந்து, எஸ்.என்.எஃப் அசையாமல் நின்றால், அங்கே குறைக்க வேண்டியது மாவுச்சத்து, கூட்ட வேண்டியது நார்த்தீவனம்.