கடலடி மாலுமியும் கல்நார்த் தூசும்

மட்டக்களப்பு வாவியிலே, நிலாக்கால இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியில் காதைப் பொருத்தினால் மீன் பாடுவது கேட்கும் என்பர். நீருக்கடியில் காது கொடுத்துக் கேட்பதையே உயிர்காக்கும் தொழிலாகக் கொண்டவர்களும் ஒரு காலத்தில் நமது கீழைக்கரையில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளையே சொல்கிறேன்.

நேயர்களே, அந்தப் போர் என்றதும் நம்மவர் பேச்சில் முதலில் வருவது 'ஹேர்மஸ்'. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் அந்த விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். பிரித்தானியர் பின்னர் கொடுத்த பதிலடியில் ஒரு பங்கு, திருகோணமலையில் 'அடமன்ற்' என்ற தாய்க்கப்பலை அண்டி நின்ற நீர்மூழ்கிகளுக்கு உரியது. அவற்றுள் ஒன்று 'டாலி-ஹோ'.

சுமார் அறுபது பேர் கொண்ட அக்கப்பல், 1944 ஜனவரி 11இல் பினாங்குக்கு அருகே ஏழு டோர்ப்பிடோக்களை ஏவி, 'குமா' என்ற யப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அடுத்த மாதம் மலாக்கா நீரிணையில் எதிரிக் கப்பலொன்று மோதி, அதன் சுழல்விசிறி டாலி-ஹோவின் இடப்பக்கத் தொட்டிகளைக் கிழித்தெறிந்தது. அந்த நிலையிலும் அது திருகோணமலைக்கு மீண்டு வந்தது. 1967இல் வேல்ஸ் நாட்டில் அதனை உடைத்து இரும்பாக்கினர்.

கப்பலின் கதை அத்துடன் முடிந்தது. மாலுமியின் கதை முடியவில்லை. அக்காலக் கப்பல்களில் கொதிக்கும் குழாய்களுக்குக் கல்நார்ப் போர்வை சுற்றுவது வழக்கம். அது தீப்பிடியாது, வெப்பத்தையும் அடக்கும். ஆனால் அதிர்விலும் பழுதுபார்ப்பிலும் அதன் நுண்ணிழைகள் காற்றில் கலக்கும். மூடிய இரும்புக் கூட்டுக்குள் மூச்சுவிட்டோர் அதையும் சேர்த்தே உள்ளிழுத்தனர்.

தீங்கு அறியப்படாததல்ல. 1931இலேயே பிரித்தானியா கல்நார்த் தொழிற்சாலைகளுக்குத் தூசுக்கட்டுப்பாட்டு விதிகளை இயற்றியது. கப்பலில் வாழ்ந்தோரை அவ்விதிகள் எட்டவில்லை. நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள உறவை 1960இல் தென்னாபிரிக்க ஆய்வு தெளிவாக்கியது. அந்நோய் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் செல்லலாம்.

நீதி அதைவிடத் தாமதமானது. 1987க்கு முன் பாதிக்கப்பட்ட படையினர் அரசுமீது நட்டஈட்டு வழக்குத் தொடரச் சட்டம் இடந்தரவில்லை. இந்நோயுற்ற முன்னாள் படையினர் ஓய்வூதியத்துக்குப் பதிலாக 140,000 பவுணை ஒரே தொகையாகப் பெறலாம் என 2015 டிசம்பரில்தான் பிரித்தானிய அரசு அறிவித்தது. 1944இல் இருபது வயதாயிருந்த மாலுமிக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது!

இதனை வெள்ளைக்காரர் கதையென்று நான் ஒதுக்கமாட்டேன். நமது ஊர்களிலும் கல்நார்க் கூரைத்தகடுகள் வீட்டுக்கு வீடு உண்டு. சீமெந்தில் இறுகியிருக்கும் வரை அவற்றின் இழைகள் எளிதில் வெளிவரா. அறுக்கையிலும் துளைக்கையிலும் உடைக்கையிலுமே ஆபத்து எழுகிறது. 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட மண்ணில், உடைந்த கூரையை அள்ளும் வேலை புதிதன்று. அதை உலர வைத்து நொறுக்காமல், நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடி அகற்ற வேண்டும். டோர்ப்பிடோவின் வெடியோசை ஊருக்கே கேட்கும். இந்தத் தூசு ஓசையின்றி வருவது.